40 வயது மோட்டார்ஹோம், கைக்குப் புது ஆள்: எதில் தொடங்குவது?

புதுச்சாவி

வணக்கம். 1982 மாடல் மோட்டார்ஹோம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பெட்ரோல், கார்பரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர். நீளம் 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பின்னால் இரட்டைச் சக்கரம். சுவர் வெளியே ஃபைபர், உள்ளே மரச்சட்டம். கூரை அலுமினியத் தகடு. நாலு வருடம் ஓடாமல் ஒரே இடத்தில் நின்ற வண்டி. எஞ்சின் உடனே பிடித்துக்கொள்கிறது, ஆனால் அரை மணி ஓடிச் சூடானதும் தடுமாறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது.

வீட்டுப் பகுதியில் கேஸ் அடுப்பு, கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் பழைய ஃபிரிட்ஜ், 12 வோல்ட் விளக்குகள், 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ஃபிரிட்ஜ் மின்சாரத்தில் நன்றாகக் குளிர்கிறது. கேஸில் சுடர் எரிகிறது, குளிர்ச்சிதான் இல்லை. படுக்கைக்கு மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

ஸ்பானர் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதை ஆறப் போடலாம், எதில் நான் கை வைக்கவே கூடாது?

தகரக்கூரை

அந்தப் பழுப்புக் கறையில்தான் தொடங்க வேண்டும். எஞ்சினைக் கழற்றி வேறு எஞ்சின் வைக்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் உளுத்துப்போனால் வீட்டையே பிரித்துத்தான் கட்ட வேண்டும். இந்த வயது வண்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

இரண்டு ஊசி உள்ள ஈரமானி ஒன்று வாங்குங்கள். கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரை ஜன்னலைச் சுற்றி, படுக்கைக்கு அடியில், அலமாரிகளின் உட்பக்கம் என்று சாண் சாணாகக் குத்திப் பார்த்துச் சுவரில் பென்சிலால் எண்ணைக் குறியுங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. 15 முதல் 20 வரை கண் வைக்க வேண்டிய இடம். 20-ஐத் தாண்டினால் எங்கோ கசிகிறது. 25-க்கு மேல் மரம் இற்றுக்கொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆணி, அலுமினியத் தாள் மேல் ஊசி பட்டால் எண் பொய்யாக எகிறும், அதனால் ஒரே ஒரு எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கூடவே விரல் மூட்டால் தட்டுங்கள். நல்ல சுவர் "டக்" என்று கெட்டியாகப் பேசும், உள்ளே பிரிந்த சுவர் "டொப்" என்று பொக்கையாகச் சொல்லும்.

கறை இருக்கும் இடம்தான் கசிவு இருக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கூரையில் நுழைந்த தண்ணீர் சட்டத்தின் மேலேயே இரண்டு மீட்டர் ஊர்ந்து போய் வேறெங்கோ சொட்டும். கண்டுபிடிக்க நல்ல வழி பஞ்சர் பார்ப்பது போலத்தான்: கூரை ஜன்னல் ஒன்றில் ஊதுவிசிறியை வைத்து உள்பக்கமாகக் காற்று தள்ளுங்கள். மற்ற எல்லா ஜன்னலையும் துவாரத்தையும் டேப்பால் மூடுங்கள். பிறகு வெளியே ஏறி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் வரும். கேஸ் உருளையை மூடி, ஃபிரிட்ஜ் சுடரையும் அணைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். ஊதுவிசிறி இல்லையென்றால் ஹோஸ் தண்ணீர், ஆனால் கீழிருந்து மேலாக. முதலில் ஜன்னலின் கீழ்விளிம்பு, பத்து நிமிடம். பிறகு பக்கவாட்டு, அதற்குப் பிறகு மேல்விளிம்பு, கடைசியில் கூரை. மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது.

எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், கூரையில் சாதாரண சிலிக்கான் பிதுக்காதீர்கள். அது இரண்டு மூன்று வருடத்தில் விளிம்பில் உரிந்து வரும். உரியும்போது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தின் மேல் வேறு எந்த சீலண்டும் ஒட்டாது, அதே சிலிக்கானும் ஒட்டாது. முந்தைய உரிமையாளர் அப்பியிருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் இரண்டு முறை துடைத்து எடுக்க வேண்டும். அலுப்பான வேலை, குறுக்குவழி கிடையாது. சட்டங்களுக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் நாடா), அதற்கு மேல் வெளியே தெரியும் விளிம்புக்குக் கூரைக்கென்றே விற்கும் சீலண்ட். சமதளத்தில் தானே பரவும் வகையும், செங்குத்துச் சுவரில் வழியாத வகையும் வாங்குங்கள். மாற்றிப் போட்டால் ஒன்று வழிந்து தரைக்கு வரும், மற்றது திட்டுத்திட்டாக நிற்கும்.

கிரீஸ்கை

தகரக்கூரை சொன்ன எல்லாம் சரி, வரிசை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கசிவுக்கு இன்றைக்கே ஒரு தார்ப்பாய் போர்த்தினால் ஒரு மாதம் தாங்கும். நாலு வருடம் நின்ற பிரேக்குக்கும் பெட்ரோல் ஹோஸுக்கும் அப்படித் தார்ப்பாய் கிடையாது. இந்த மூன்றும் முடியும்வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது: டயர், பிரேக், பெட்ரோல் ஹோஸ்.

டயரில் பட்டன் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகும். பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஆறேழு வருடம் ஆகியிருந்தால் மாற்றத் திட்டமிடுங்கள். பத்து ஆகியிருந்தால் அதில் ஓடவே ஓடாதீர்கள், பார்க்கப் புதிதாக இருந்தாலும் சரி. முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், அதனால் வண்டிக்கு அடியில் படுத்து உள்பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும். பின்பக்க இரட்டையில் உள் டயரை விட்டுவிடாதீர்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

பிரேக்: ஆயிலை முழுக்க மாற்றுங்கள். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் சரக்கு அது, இறக்கத்தில் பிரேக் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அது. டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவரில், பிஸ்டன் வழக்கமாகப் போகாத கடைசிப் பகுதி துருப்பிடித்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் "காற்று எடுத்தபின் கெட்டுப்போச்சு" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பின்பக்க டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் லேசாகத் தூக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். ரப்பர் பிரேக் ஹோஸ்கள் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் மூன்றையும் மாற்றிவிடுங்கள். உள்ளே வீங்கினால் பெடல் அழுத்தத்துக்கு ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடாகும். முதல் ஓட்டத்தில் மெதுவாகப் பத்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே வேலை இருக்கிறது.

பெட்ரோல் ஹோஸ்: எத்தனால் கலந்த பெட்ரோல் 1982 ரப்பரைத் தின்றுவிடும். எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் வாங்குங்கள். தொட்டிக்குள்ளே மூழ்கியிருக்கும் துண்டுக்கு ஆர்9 ஆகாது, ஆர்10 வேண்டும். உள்விட்டம் பெரும்பாலும் 8 மி.மீ. அல்லது 9.5 மி.மீ., அளந்து வாங்குங்கள். பல்வெட்டு உள்ள சாதாரணக் கிளாம்ப் ஹோஸைக் கடிக்கும், விளிம்பு மடிந்த ஃபியூவல் இஞ்ஜெக்‌ஷன் கிளாம்ப் போடுங்கள். தொட்டிக்கு மேலே இருக்கும் காற்றுக்குழாய், பெட்ரோல் ஊற்றும் வாயின் தடித்த ஹோஸ், ஜெனரேட்டர் இருந்தால் அதன் தனிக் குழாய், இவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். தொட்டி நிரம்பும்போது மட்டும் பெட்ரோல் வாடை வருகிறது என்றால் மேலே இருக்கும் ஹோஸ்தான் வெடித்திருக்கும்.

இப்போது சூடானபின் நிற்கும் பிரச்சினை. கார்பரேட்டரைக் கழற்றும் ஆசையை அடக்குங்கள். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே நாலு சோதனை.

முதலில் பெட்ரோல் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, வேலை முடிந்தது. அடுத்து, எஞ்சின் ஓடாத நிலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கார்பரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். மெல்லிய பெட்ரோல் பீச்சல் தெரிந்தால் பெட்ரோல் வருகிறது, குற்றம் இக்னிஷனில். பீச்சல் இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை. மூன்றாவது, ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, பெட்ரோல் வாடை இல்லாத தூரத்தில் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். பொறி மஞ்சளாக, நோஞ்சானாக இருந்தால் காயிலும் கண்டென்சரும் சந்தேகம். இரண்டும் சூட்டில்தான் கெட்ட குணத்தைக் காட்டும், ஆறினால் ஒன்றும் தெரியாதது போல ஓடும். காயிலின் ஓம் அளவைக் குளிரில் ஒருமுறை, நின்ற உடனே ஒருமுறை எடுத்து, வண்டிக் கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள்.

நாலாவது, பலர் தவறவிடுவது. தொட்டியிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அங்கே ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அடியில் ஈரமே இல்லையே என்று நாள் கணக்கில் கார்பரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பார்கள். ஹோஸ்களை மாற்றினாலே உங்கள் பிரச்சினை தீர வாய்ப்பு அதிகம். தீராவிட்டால் பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்று பாருங்கள். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் வெற்றாக அடிக்கும். குழாயை நகர்த்தி, வெப்பத் தடுப்பு உறை போட்டால் போதும்.

நாலு வருடப் பழைய பெட்ரோலை எரித்துத் தீர்க்க நினைக்காதீர்கள். முழுக்க இறக்குங்கள். புது ஃபில்டர் போட்டு, 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை மறுபடி மாற்றுங்கள். தொட்டித் துரு அதற்குள் வந்து சேரும். எஞ்சின் ஆயில், கூலண்ட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டியவை, அவற்றில் விவாதிக்க ஒன்றுமில்லை. கியர் ஆயிலை மட்டும் குச்சியில் எடுத்து முகர்ந்து பாருங்கள். சிவப்பாக இருந்தால் நிம்மதி. காப்பி நிறத்தில் தீய்ந்த வாடை அடித்தால் கியர்பாக்ஸ் ஆளிடம் போங்கள்.

பன்னிரண்டு_வோல்ட்

மின்சாரத்தில் இரண்டு உலகம் இருக்கிறது. 12 வோல்ட் பக்கம் நீங்களே செய்யலாம். வெளியிலிருந்து செருகும் 230 அல்லது 120 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிடியும் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் சோதனை முயற்சி வேண்டாம், வண்டியின் தகரம் முழுக்க ஷாக் அடிக்கும்.

12 வோல்ட்டில் நூறில் தொண்ணூறு புகார் எர்த் இணைப்பில்தான் முடியும். பேட்டரியின் நெகட்டிவ், சேஸிஸ், எஞ்சின், வீட்டுப் பகுதி, இவற்றை இணைக்கும் கம்பிகளைக் கழற்றி, தொடும் இடத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, மறுபடி இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பிறகு ஒரு விளக்கை எரியவிட்டு, பேட்டரி முனையில் ஒருமுறை, விளக்கின் முனையில் ஒருமுறை வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ துருப்பிடித்த இணைப்பு. ஃபியூஸ் பெட்டியில் கண்ணாடி ஃபியூஸைப் பிடிக்கும் கவ்விகள் பழுப்பாகக் கருகியிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றாதீர்கள், பெட்டியையே மாற்றுங்கள். பிடி தளர்ந்து அங்கேதான் சூடேறுகிறது. ஃபியூஸ் காப்பது கம்பியை, கருவியை அல்ல. அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து உருகுவது சுவருக்குள் ஓடும் கம்பி. 2.5 சதுர மி.மீ. கம்பிக்கு 20 ஆம்பியரைத் தாண்டாதீர்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து வீட்டுக்குப் போகும் முதன்மைக் கம்பிக்கு, பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய வண்டிகளில் இருக்காது.

ஸ்டார்ட்டர் பேட்டரி வேறு, வீட்டுப் பேட்டரி வேறு. லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும். வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் அந்தக் காலத்துக் கன்வெர்ட்டர், வண்டியைச் செருகி வைத்த நாள் முழுக்க ஒரே வோல்ட்டைத் தள்ளி பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். 14.4-ல் ஏற்றி, நிறைந்ததும் 13.6 அளவுக்கு இறங்கும் நவீன சார்ஜர் ஒன்று போடுங்கள், பேட்டரி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

விளக்குகள் 18 வாட் பல்பாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர். பத்து எரிந்தால் 15. எல்ஈடிக்கு மாற்றினால் எல்லாம் சேர்ந்தே இரண்டு ஆம்பியருக்குள் வரும். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட மலிவு இதுதான்.

நீலச்சுடர்

ஃபிரிட்ஜ் நல்ல செய்தி. மின்சாரத்தில் குளிர்கிறது என்றால் பின்னால் இருக்கும் குளிரூட்டும் குழாய்த் தொகுதி உயிரோடு இருக்கிறது. விலை அதிகம் அதற்குத்தான். குற்றம் பர்னர் பக்கம்.

இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் இல்லை. அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கி, ஆவி மேலே ஏறி, திரவமாகி, உள்ளே மறுபடி ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. சூடு போதவில்லை என்றால் சுழற்சி தொடங்காது. சுடர் எரிகிறது என்கிறீர்கள், எந்த நிறம்? கூர்மையான நீலமாக, உறுமலோடு நிற்க வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் போதாது, கார்பன் மோனாக்சைடும் வரும்.

கேஸை உருளையில் மூடி, பின்கதவைத் திறந்து, மேலே போகும் புகைக்குழாயிலிருந்து தடுப்புச் சுருளை வெளியே இழுங்கள். புகைக்குழாயை அதற்கான நீள பிரஷ்ஷால் மேலிருந்து துடையுங்கள். துரு செதில் செதிலாக பர்னர் மேல் விழும், நாலு வருடத்தில் ஒரு கைப்பிடி சேர்ந்திருக்கும். சிலந்தி வலையும் இருக்கும். பர்னரைக் கழற்றி பிரஷ் போடுங்கள். ஜெட்டை ஸ்பிரிட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்து ஊதி உலர்த்துங்கள். ஊசியோ கம்பியோ விடவே கூடாது. அந்தத் துளை அளந்து போட்டது, சற்றே பெரிதானாலும் சுடர் புகைய ஆரம்பிக்கும். சுருளை அதே உயரத்தில் திரும்ப மாட்டுங்கள். அது கம்பியில் சரியான இடத்தில் தொங்கினால்தான் சூடு கொதிகலன் மேல் நிற்கும். சும்மா உள்ளே போட்டுவிட்டால் சூடு நேராக வெளியே போய்விடும். கழற்றிய கேஸ் இணைப்பை மூட்டியபின் சோப்பு நீரால் சோதியுங்கள்.

அப்புறம், ரசமட்டம். ஃபிரிட்ஜின் உறைபனிப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். சாய்ந்து நின்ற வண்டியில் ஓடவிட்டால் திரவம் திரும்பி வழியாமல் கொதிகலன் வறண்டு சூடேறி, உள்ளே இருக்கும் துருத்தடுப்பு ரசாயனம் கட்டியாகிக் குழாயை அடைக்கும். அந்தச் சேதம் திரும்பாது. பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் பொடி தெரிந்தாலோ அம்மோனியா நெடி அடித்தாலோ ஃபிரிட்ஜை அன்றே அணையுங்கள். உள்ளே ஹைட்ரஜனும் இருக்கிறது.

கேஸ் வேலையில் நீங்கள் செய்யக்கூடியது துடைப்பதும் சோதிப்பதும் மட்டும். குழாய் வெட்டுவது, புது இணைப்பு, அழுத்தச் சோதனை எல்லாம் அதற்கு உரிமம் பெற்ற ஆளுக்கு. உருளையை அடுத்துள்ள ரப்பர் ஹோஸும் ரெகுலேட்டரும் பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் விவாதமே வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் எந்த அழுத்தத்துக்கு என்று கருவிகளின் தகட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வட அமெரிக்க வண்டிகளில் 11 அங்குல நீரழுத்தம், அதாவது ஏறத்தாழ 27 மில்லிபார். ஐரோப்பியக் கருவிகளில் 30-ம் உண்டு, பழையவற்றில் 50-ம் உண்டு. 30-க்கான அடுப்பில் 50-ஐ மாட்டினால் சுடர் தாவும்.

கசிவுக்குச் சோப்பு நீர், ஆனால் அம்மோனியா கலந்த சுத்திகரிப்புத் திரவம் வேண்டாம், பித்தளை இணைப்புகளை வெடிக்கவைக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனம். அதனால் கேஸ் அலாரத்தைத் தரையை ஒட்டி வையுங்கள். உருளை அறையின் அடித்தளத்தில் இருக்கும் துளைகளைக் குளிர் வருகிறது என்று யாராவது அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி, படுக்கை உயரத்தில். இரண்டு அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, பின்புறம் அச்சடித்திருக்கும். எஞ்சின் மூடி வண்டிக்குள்ளேயே திறக்கும் அமைப்பாக இருந்தால் அதன் ரப்பர் விளிம்பையும் மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தால் புகை நேராக ஓட்டுநர் மடிக்குத்தான் வரும். பவுடர் தீயணைப்பானை வாசலருகே மாட்டுங்கள், அடுப்புக்குப் பின்னால் அல்ல.

தண்ணீர்த் தொட்டி: 100 லிட்டருக்கு, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 100 மில்லி. வெந்நீர்க் கலத்துக்குப் போகும் வழியை மூடிவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாடை வரும்வரை திறந்து, நாலு மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்ப் தானாக ஒரு நொடி ஓடி நின்றால் எங்கோ சொட்டுகிறது, அல்லது பம்பின் வால்வு தளர்ந்திருக்கிறது. உள்ளே சாம்பல் நிற வளையும் பிளாஸ்டிக் குழாய் இருந்தால் அது பாலிபியூட்டிலீனாக இருக்கலாம். அதன் இணைப்புகள் குளோரினில் நொறுங்கும். ஒட்டுப்போடாமல் பெக்ஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுங்கள்.

புதுச்சாவி

எல்லோருக்கும் நன்றி. சில எண்களோடு வருகிறேன்.

ஈரமானி கறையைச் சுற்றி 28 காட்டுகிறது, 40 செ.மீ. அகலத்துக்கு. அதற்கு அப்பால் 14, 13. காற்றடித்துப் பார்த்ததில் கறைக்கு மேலே எதுவும் இல்லை, ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கும் கூரை ஜன்னல் சட்டத்தில் குமிழ் வந்தது.

ஃபிரிட்ஜ் கேஸிலும் குளிர்கிறது. புகைக்குழாயில் துரு அப்படியே கட்டியாக இருந்தது.

டயர்: வெளியே தெரியும் நாலும் 2020, 2021. பின்பக்க உள் டயர் இரண்டிலும் டாட் வரியின் கடைசியில் மூன்று இலக்கம்தான் இருக்கிறது. ரிம்மில் 16.5 என்று அடித்திருக்கிறது. 16 அங்குல டயர் எளிதாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளலாமா? இன்னொன்று, வீட்டுப் பேட்டரியை லித்தியமாகவே வாங்கிவிடட்டுமா?

கிரீஸ்கை

கூடவே கூடாது. 16.5 ரிம்மில் 16 டயரை எந்தக் காரணத்துக்கும் ஏற்றாதீர்கள். டயர் ஏறிவிடும், அதுதான் ஆபத்து. 16.5 ரிம்மின் இருக்கை 15 டிகிரி சாய்வில் இருக்கும், 16 டயரின் விளிம்பு அதற்கானதல்ல. காற்றடிக்கும்போது விளிம்புக் கம்பி அறுந்து வெடிக்கும். ஆள் செத்திருக்கிறார்கள். ஒழுங்கான டயர் கடையில் செய்ய மறுப்பார்கள், "பரவாயில்லை போடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள்.

மூன்று இலக்கம் என்றால் அந்த டயர் 2000-க்கு முன்னால் செய்தது. வண்டியை அதில் நகர்த்தவே வேண்டாம். உள் டயர் வெடித்தால் பக்கத்து டயர் இரட்டைப் பாரம் தாங்கி அதுவும் போகும், சக்கர வளைவுத் தகரத்தையும் மேலே இருக்கும் தண்ணீர்க் குழாயையும் கிழித்துக்கொண்டு போகும்.

16.5 டயர் இன்று அரிது. 1973 முதல் 1978 வரை வந்த ஜிஎம்சி மோட்டார்ஹோம்களிலும் இதே அளவுதான், அவற்றை வைத்திருப்பவர்கள் பலர் 16 அங்குல ரிம்முக்கே மாறிவிட்டார்கள். அதுதான் நிரந்தர வழி: ஸ்டெப்னியும் சேர்த்து ஏழு ரிம், ஏழு டயர். ரிம் வாங்கும்போது நட்டுகளின் எண்ணிக்கை, வட்ட அளவு, நடுத்துளை, பாரத்தாங்கு திறன், அதோடு பின் இரட்டை டயருக்கு நடுவே இடைவெளி தரும் ஆஃப்செட், இவ்வளவும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு டயரும் பாரத்தில் பக்கவாட்டில் உரசினால் தீய்ந்துவிடும். நட்டும் ரிம்முக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கூம்பு இருக்கைக்குக் கூம்பு நட்டு, தட்டை இருக்கைக்குத் தட்டை நட்டு.

காற்று எவ்வளவு என்று ஊகிக்காதீர்கள். தண்ணீர், கேஸ், பெட்ரோல், பாத்திரம், ஆட்கள் எல்லாம் ஏற்றி, எடைமேடையில் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக நிறுத்துங்கள். அந்தப் பாரத்துக்கு டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் என்ன இருக்கிறதோ அது. பின் அச்சு அதன் தகட்டு எடையைத் தாண்டினால் முதலில் குறைக்க வேண்டியது தண்ணீர், 100 லிட்டர் என்றால் 100 கிலோ.

பன்னிரண்டு_வோல்ட்

லித்தியத்துக்கு அவசரம் வேண்டாம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி நல்லதுதான், ஆனால் அதை நேராக உங்கள் 1982 ஆல்டர்னேட்டரில் மாட்டினால், அதன் உள்தடை குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் மணிக்கணக்கில் ஓடிச் சுருள் கருகும். நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும், சார்ஜரும் லித்தியத்துக்கானது வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. முதல் வருடம் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய லெட்-ஆசிட் வகை) ஒன்று போடுங்கள். நாளுக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஷண்ட் மீட்டரில் அளந்து பழகுங்கள். கேஸ் அலாரம் 0.1 ஆம்பியர் இழுத்தாலே நாளுக்கு 2.4 ஆம்பியர்-மணி, ஓடாமல் நிற்கும் மாதத்தில் பேட்டரியைக் கொல்வது இதுபோன்ற சில்லறைதான். வண்டியை நிறுத்தி வைக்கும்போது கேஸை மூடிவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

தகரக்கூரை

40 செ.மீ. என்றால் தப்பித்தீர்கள். ஆனால் உள்ளே கை வைப்பதற்கு முன் கூரை ஜன்னலை முடியுங்கள், இல்லையென்றால் புதுப் பலகையும் நனையும்.

சட்டத்தின் திருகுகளைக் கழற்றி ஜன்னலை முழுதாக வெளியே எடுங்கள். மேலே சீலண்ட் பூசி மூடுவது ஒரு மழைக்குத்தான். பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, 3 மி.மீ. தடிமன் பியூட்டைல் டேப்பை சட்டத்தின் அடியில் ஒட்டுங்கள். மூலையில் வெட்டி ஒட்டாமல், ஒரே துண்டாக வளைத்துக் கொண்டுபோய், முடியும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று படியவிடுங்கள். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பசை சுற்றிலும் ஒரே சீராகப் பிதுங்க வேண்டும். மறுநாள் பசை அமர்ந்தபின் மறுபடி அரைச் சுற்று. பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டிவிட்டு விளிம்பிலும் திருகுத் தலைகளிலும் பரவும் சீலண்ட்.

பிறகு உள்பலகையை வெட்டுங்கள். ஈரமான பகுதிக்கு அப்பால் நல்ல மரம் 10 செ.மீ. தெரியும்வரை திறக்க வேண்டும். நனைந்த பஞ்சுக் காப்பை எறிந்துவிடுங்கள், அது காயாது. திருப்புளியைச் சட்டத்தில் குத்திப் பாருங்கள். ரொட்டி மாதிரி இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புதுக் கட்டையை நல்ல மரத்தோடு பக்கவாட்டில் 20 செ.மீ. படியுமாறு ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடுங்கள். மேற்பரப்பு மட்டும் மென்மையாக இருந்தால் மரம் இறுக்கும் மெல்லிய எபாக்சி போதும், ஆனால் முற்றிலும் காய்ந்த மரத்தில்தான் அது உள்ளே ஊறும். விசிறியோ ஈரம் உறிஞ்சும் கருவியோ வைத்து ஈரமானி 15-க்குக் கீழே வரும்வரை மூடாதீர்கள். இரண்டு வாரமும் ஆகலாம். பலரும் மூன்றாம் நாளே பலகை அடித்துவிடுவார்கள், அடுத்த வருடம் அதே இடத்தில் பூஞ்சை வாடை வரும்.

மூடியபின் அந்த இடத்தில் ஒரு சிறு திருகைக் கழற்றக்கூடிய மூடியாக விட்டுவையுங்கள். அந்தத் துளையில் ஈரமானி ஊசியை விட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பார்க்கலாம்.

புதுச்சாவி

புரிந்தது. பேட்டரி ஏஜிஎம், டயர் ரிம்மோடு 16, கூரை இந்த வாரம். புது ரிம் மாட்டியபின் நட்டுகளை எப்போது திரும்ப இறுக்க வேண்டும்?

கிரீஸ்கை

கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவில் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். திரெட்டில் எண்ணெய் போட்டால் அளவு மாறிவிடும், கையேடு சொன்னால் ஒழிய உலர்வாகவே விடுங்கள். 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 150-ல் ஒருமுறை, சக்கரம் ஆறியபின், டார்க் ரெஞ்சால் பாருங்கள். உள் டயருக்கு நீட்டிப்பு வால்வு போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காற்று பார்க்கக் கை போகாது, கை போகாத டயரை யாரும் பார்க்க மாட்டார்கள்.